பழகிய பக்கம் மாறும்போது

மெரிலேண்ட்ஸிலும் அயலூர்களிலும் வாழும் எமது முதியவர்களிற் பலர் அரச இணையத்தளங்களை ஆங்கிலம் வாசித்துப் பயன்படுத்துவதில்லை. எந்த இடத்தை அழுத்தினால் எது திறக்கும் என்பதை மனனஞ் செய்து வைத்திருக்கின்றனர். மேலிருந்து மூன்றாவது பெட்டி, பின்னர் வலப்புறத்துப் பொத்தான் என்று பேரப்பிள்ளை காட்டிக்கொடுத்தது கொப்பியொன்றிலே தமிழில் எழுதப்பட்டிருக்கும். இதனை நாம் குறைவாக மதிக்கவில்லை. பிறர் கையை எதிர்பாராமல் தமது அலுவலைத் தாமே பார்க்க அவர்கள் கண்ட வழி அது. பக்கத்தின் அமைப்பு ஓரிரவில் மாறினால் அக்கொப்பி வெறுங் காகிதமாகிவிடுகின்றது.

சென்டர்லிங்க், மெடிகெயர், வரித் திணைக்களம் ஆகியவற்றுக்கு ஒரே வாயிலாக 'மைகவ்' 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 2022இல் அதன் முகப்பு புதிதாக்கப்பட்டது. 2024 நவம்பர் 13ஆம் திகதி, அடையாளத்தை உறுதிப்படுத்தும் 'மைகவ்ஐடி' என்ற செயலி 'மைஐடி' எனப் பெயர் மாறியது. இரு பெயர்களும் ஒன்றையொன்று ஒத்திருந்து மக்களைக் குழப்பின என்பதே காரணம். நல்ல காரணந்தான். ஆயின், புதிய பெயரில் வருவது எதையும் நம்பாதீர்கள், மோசடிக்காரர் நடமாடுகின்றனர் என்று எமது மக்களுக்கு ஆண்டுக்கணக்கில் சொல்லப்பட்டு வந்திருக்கின்றது. அத்தகையவரின் கைத்தொலைபேசியில் ஒரு காலை பழைய பெயர் மறைந்து புதிய பெயர் நின்றால் அவர் என்ன செய்வார்? அதனை அழித்துவிட்டாரெனில், கேட்ட அறிவுரையை அவர் சரியாகவே பின்பற்றியிருக்கின்றார்.

அழித்ததை மீண்டும் நிறுவுவதுதான் சங்கடம். அடையாளப் பத்திரங்களிலுள்ள பெயர்கள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். எமது பெயர்களோ தந்தை பெயரைச் சுமப்பவை. குடிவரவுத் திணைக்களம் வழங்கிய இமிகார்ட்டில் தந்தை பெயர் முழுமையாகவும், மெடிகெயர் அட்டையில் வெறும் முதலெழுத்தாகவும் இருப்பது எம்மிடையே அரிதன்று. மைஐடியின் உயர்நிலை அடையாளத்துக்கோ, பெயர் மாறிய அவ்வேளையில், அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டு வேண்டியிருந்தது. அகதி அதற்கு எங்கே போவார்? செயலி இன்றிக் கடவுச்சொல்லும் குறியீட்டெண்ணும் கொண்டு மைகவ்வினுள் நுழையலாம் என்பது உண்மையே. ஆனால் அக்குறியீட்டெண் இரவு வேலையில் நிற்கும் மகனின் தொலைபேசிக்கல்லவா போகின்றது!

இதனை வெறும் எரிச்சல் என்று ஒதுக்கிவிட முடியாது. வேலை தேடுவோர் இரு வாரத்துக்கு ஒருமுறை சென்டர்லிங்குக்கு அறிக்கை அளிக்காவிடில் கொடுப்பனவு நின்றுவிடும். 2023 பெப்ரவரியில், தற்காலிகப் பாதுகாப்பு விசாக்களில் இருந்த சுமார் 19,000 பேருக்கு நிரந்தர விசாவுக்கான வழி திறந்தபோது, விண்ணப்பமும் இணையவழியாகவே கோரப்பட்டது. வீட்டு வாடகையும் விசாவும் தொங்கி நிற்கும் பக்கம் அது, பொழுதுபோக்குத் தளமன்று.

மாற்றமே வேண்டாம் என்பது எமது வாதமன்று. திருடர் வழி மாற்றும்போது பூட்டும் மாறத்தான் வேண்டும். டேவிட் தோடி தலைமையில் நடந்த மைகவ் ஆய்வின் அறிக்கை 2023இல் வெளிவந்தது; இன்றியமையாத தேசியக் கட்டமைப்பு என்பதே அதன் தலைப்பு. அப்படியானால் வீதிக்குள்ள மரியாதையை இதற்கும் கொடுக்க வேண்டும். வீதியை மூடுமுன் அறிவித்தல் ஒட்டுகின்றனர், மாற்றுவழிக்கு அம்புக்குறி இடுகின்றனர். தமிழ்த் தட்டச்சில் நாம் கண்டதும் இதுவே. பாமினி எழுத்துருவிலிருந்து யுனிகோட்டுக்கு எமது சமூகம் ஒரே நாளில் தாவவில்லை. இரண்டும் பல்லாண்டுகள் அருகருகே நடமாடின, விரல்கள் மெல்லப் பழகிக்கொண்டன.

பக்கம் மாறுமுன் சில வாரங்களாவது பழையதும் புதியதும் சேர்ந்திருக்க வேண்டும். புதிய பக்கத்தின் படத்தோடு தமிழ் விளக்கம் அதற்கு முன்பே எம்மவர் கைக்கு வரவேண்டும். மாற்றத்தில் தடுமாறி அலுவலகத்துக்கு வருபவரை, இணையத்தில் பாருங்கள் என்று கூறித் திருப்பி அனுப்பலாகாது. இவற்றைக் கேட்டு எமது அமைப்புகள் உள்ளூர்ப் பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுத வேண்டும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கணக்கில் உங்கள் தொலைபேசி எண் இருப்பின், அதனைப் பெற்றோரின் எண்ணாக மாற்றிக் கொடுங்கள். கொப்பியில் 131 202 என்பதையும் எழுதிவையுங்கள். அது சென்டர்லிங்கின் பன்மொழித் தொலைபேசி. அதில் தமிழிலே பேசலாம்.