உழைப்பு நமது; உரிமை யாருடையது?

கொல்கத்தாவில் வாழும் நம் வாடிக்கையாளர்கள் பலருக்கு 2020 ஏப்ரல் 1 நினைவிருக்கும். 1865இல் தொடங்கப்பெற்று, 1923 முதல் அந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அலகாபாத் வங்கி, அன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியோடு இணைந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வழங்கிய பெயர் பலகைகளிலிருந்து நீங்கியது. ஆயினும் மக்களின் வைப்புத்தொகையும் கடன் கணக்கும் அடகு நகையும் புதிய பெயரின்கீழ் அப்படியே வந்து சேர்ந்தன. பெயர் மறைந்தது; உடைமை மறையவில்லை.

அதற்கு ஓராண்டுக்கு முன், பெங்களூரில் மற்றொரு பெயர் மறைந்தது. அதைப் பற்றி நம்மில் பலர் அறிந்திருக்கமாட்டோம். இந்தியாவின் முதல் கணினி விளையாட்டு நிறுவனம் என்று போற்றப்பட்ட 'துருவா இன்டராக்டிவ்' அது. துருவன் என்றதும் இடம்பெயராத விண்மீனே நம் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பெயரைத் தாங்கிய நிறுவனம் மூன்றே ஆண்டுகளில் இரு முறை கைமாறி, இறுதியில் பெயரையும் இழந்தது. அதன் வரலாறு, பிள்ளைகளைக் கணினித் தொழிலுக்கு அனுப்பும் ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப்பார்க்கத் தக்கது.

ராஜேஷ் ராவ் 1997இல் துருவாவைத் தொடங்கியபோது, இந்நாட்டில் விளையாட்டு உருவாக்கம் ஒரு தொழிலாகவே கருதப்படவில்லை. பிரான்சின் இன்ஃபோகிராம்ஸ் நிறுவனம் 'மிஷன் இம்பாஸிபிள்' விளையாட்டின் கணினி வடிவத்தைச் செய்யும் வாய்ப்பை அளித்தது. அப்பணி இறுதியில் வெளிவரவே இல்லை. எனினும் துருவா மனந்தளரவில்லை. அயல்நாட்டு விளையாட்டுகளுக்கு வேண்டிய உருவங்களையும் ஊர்திகளையும் காட்சிகளையும் வரைந்து தரும் பணியில் தேர்ந்தது. மைக்ரோசாஃப்டின் புகழ்பெற்ற 'ஃபோர்ஸா' கார்ப் பந்தய விளையாட்டுகளில் அதன் கலைஞர்களின் கைவண்ணம் உண்டு. முந்நூறுக்கும் மேற்பட்டோர் அங்கே பணிபுரிந்தனர்.

2016 இறுதியில், சுவீடன் நாட்டு ஸ்டார்பிரீஸ் நிறுவனம் ஏறத்தாழ 85 இலட்சம் டாலருக்குத் துருவாவின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்க முன்வந்தது. நல்லது நடந்ததென்றே பலரும் மகிழ்ந்தனர். ஆனால் 2018 நவம்பரில் ஸ்டார்பிரீஸ் பெரிதும் நம்பி வெளியிட்ட ஒரு விளையாட்டு சந்தையில் தோற்றது. அடுத்த மாதமே அது கடன் சீரமைப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது. பணம் திரட்ட வேண்டிய நெருக்கடியில் தன் உடைமைகளை விற்கலாயிற்று. அவ்வாறு 2019 மே மாதம் துருவாவின் 91.82 விழுக்காட்டுப் பங்குகள் 79 இலட்சம் டாலருக்கு, அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 55 கோடி ரூபாய்க்கு, அமெரிக்காவின் ராக்ஸ்டார் கேம்ஸ் நிறுவனத்துக்குச் சென்றன. துருவா, ராக்ஸ்டாரின் இந்தியக் கிளையோடு இணைக்கப்பட்டது.

எங்கோ ஸ்டாக்ஹோமில் ஏற்பட்ட நட்டம் பெங்களூரில் ஒரு பெயரை அழித்தது. அதன் கலைஞர்கள் வேலையின்றித் தெருவில் நிற்கவில்லை; புதிய உரிமையாளரின்கீழ்ப் பணி தொடர வழியிருந்தது. அது ஆறுதலே. ஆனால் 22 ஆண்டு உழைப்பின் விலை 55 கோடியை ஒட்டியே நின்றது ஏன் என்று நாம் கேட்டாக வேண்டும்.

விடை, வாங்கிய நிறுவனத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. ராக்ஸ்டார் 2013இல் வெளியிட்ட 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' ஐந்தாம் பதிப்பு, மூன்றே நாள்களில் 100 கோடி டாலர் விற்பனை கண்டது. அந்த விளையாட்டின் உரிமை அதை வெளியிட்டோரிடம் இருக்கிறது. விற்கும் ஒவ்வொரு படிக்கும் வருவாய் அவர்களையே சேரும். துருவா வரைந்த ஊர்திகளோ, கூலி கைக்கு வந்த அன்றே பிறர் உடைமையாயின. முன்னது சொந்த நிலத்தில் வைத்த தென்னை. பின்னது அயலார் தோப்பில் பறித்துக் கொடுத்த காய்.

கூலிப்பணி இழிவென்று நாம் கூறவில்லை. அதுவே முந்நூறு குடும்பங்களுக்குச் சோறிட்டது. ஒரு தலைமுறைக்குத் தொழில் கற்பித்தது. மேலும், உரிமையின் அருமை துருவாவுக்குத் தெரியாததன்று. சார்லி சாப்ளின் உருவத்தைக் கைப்பேசி விளையாட்டுகளில் பயன்படுத்தும் உரிமையை அது முன்னரே விலைகொடுத்துப் பெற்றிருந்தது. தெரிந்திருந்தும் பெருஞ்சொத்து சேராததற்குக் காரணம், சொந்தப் படைப்புக்கு வேண்டிய முதல் எளிதில் கிடைப்பதில்லை என்பதே. புனேயில் உருவாகி 2020இல் வெளிவந்த 'ராஜி' என்னும் விளையாட்டுக்காக, நிறுவனர்களுள் ஒருவர் தம் குடியிருப்பையே விற்க நேர்ந்தது. இத்தகைய துணிவைப் பாராட்டலாம். எல்லாரிடமும் எதிர்பார்ப்பது முறையாகாது.

சொந்தப் படைப்பு பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கொல்கத்தாவைச் சேர்ந்த கலைஞர் லீனா கேஜ்ரிவாலின் முன்முயற்சியில் 2016இல் வெளிவந்த 'மிஸ்ஸிங்' ஒரு சிறிய கைப்பேசி விளையாட்டு. கடத்தப்பட்ட பெண்ணொருத்தியின் நிலையில் நின்று, தப்பும் வழியைத் தேட வைப்பது அது. தம் மண்ணின் துயரைத் தம் குரலில் சொல்ல முடிந்தது, படைப்பு அவர்களுடையதாக இருந்தமையால்தான்.

ஆகவே நம் கருத்து இதுவே: கூலிப்பணியால் வாழ்க, ஆனால் அதன் வருவாயில் ஒரு பங்கைச் சொந்தப் படைப்புக்கென ஒதுக்குக. பெண்ணின் திருமணத்துக்கென மாதந்தோறும் தொடர்வைப்பில் சேமிக்கும் குடும்பங்களுக்கு இவ்வொழுங்கு புதிதன்று.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் உரிமைப் பகுதியைப் படித்தறிவதும் இன்றியமையாதது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. எழுத்தில், கையொப்பத்துடன் அமையாத உரிமை மாற்றம் செல்லாது. காலம் குறிக்கப்படாவிடின் ஐந்தாண்டு என்றும், இடம் குறிக்கப்படாவிடின் இந்திய எல்லை என்றும் சட்டம் கொள்கிறது. ஆனால் ஊதியத்துக்குப் பணிபுரிவோரின் படைப்பு, வேறு உடன்பாடு இல்லாதவரை, நிறுவனத்துக்கே உரியது. அயல்நாட்டு ஒப்பந்தமாயின் எந்நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதையும் கேட்டறிதல் நலம்.

வங்கித் துறைக்கும் இதில் கடமை உண்டு. நிலத்தையும் பொன்னையும் மதிப்பிடத் தெரிந்த நமக்கு, ஒரு விளையாட்டின் உரிமையை மதிப்பிடத் தெரியவில்லை. பிணையின்றிச் சிறுதொழில்களுக்குக் கடன் வழங்க, மைய அரசும் சிட்பியும் இணைந்து 2000இல் நிறுவிய கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. அதைப் படைப்புத் தொழில்களுக்கும் தாராளமாகப் பயன்படுத்தும் மனம் வேண்டும். இல்லையேல் அடுத்த துருவாவும் பிறர் கடனுக்கு விலைபோகும். வீட்டை விற்கத் துணிந்தோர் மட்டுமே சொந்தமாகப் படைக்க முடியும். அந்நிலை மாற, கடன் கோரி வரும் இளைஞரிடம் "என்ன சொத்து இருக்கிறது?" என்பதோடு, "எதன் உரிமை உம்மிடம் இருக்கிறது?" என்றும் நாம் கேட்கத் தொடங்குவோம்.