நாற்காலிக்கு 350 ரூபாய்

ஆணி அதிகமானதால இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே ரொம்ப நாளாச்சு. ஆனா ரெண்டு வாரமா நம்ம வட்டாரத்துல நடக்குற சண்டையைப் பார்த்துட்டு சும்மா இருக்க முடியல.

சண்டை பாண்டிச்சேரி பிரெஞ்சு ஓட்டல்களைப் பத்தி. ஒரு கோஷ்டி சொல்லுது: "ஒரு குரோசானுக்கும் ஒரு காபிக்கும் 350 ரூபாய் கொடுக்கிறவன், வெள்ளைக்காரன் போயும் அடிமைப்புத்தி போகாதவன். இதே ஆளு தோசைக்கு அஞ்சு ரூபா ஏத்தினா சண்டைக்குப் போவான்." எதிர்க்கோஷ்டி சொல்லுது: "நம்மாளுக்கு ஆற அமர சாப்பிடவே தெரியாது. அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடுவான். பிரெஞ்சுக்காரன்கிட்ட கத்துக்கணும்." கூடவே மஞ்சச் சுவர், நீலக் கதவு, காபிக் கோப்பைன்னு நாலு படம்.

நான் ரெண்டு கட்சியிலயும் இல்ல. காஞ்சிபுரத்துக்காரனா என் கட்சி இது: அந்த 350 ரூபாய்ல பெரும்பகுதி பண்டத்துக்குப் போறதில்ல, நாற்காலிக்குப் போகுது. ரெண்டு மணி நேரம் யாரும் வந்து "வேற என்ன சார்?"னு கேக்காம உட்கார்ந்து பேசுற சுகத்துக்குப் போகுது. அந்தச் சுகம் எங்க ஊர்ல ஒரு காலத்துல கிட்டத்தட்ட இனாமா கிடைச்சது. அதை நாமளே பேர்த்து எறிஞ்சுட்டு, இப்போ வந்தவாசி, திண்டிவனம் வழியா 110 கிலோமீட்டர் போய் காசு கொடுத்து வாங்கிட்டு வர்றோம். (அதே வந்தவாசியில 1760-ல பிரெஞ்சுப் படை இங்கிலீஷ்காரன்கிட்ட தோத்துது. தோக்காம இருந்திருந்தா காந்தி ரோட்டுலயே குரோசான் கிடைச்சிருக்குமோ என்னவோ :-))

முதல்ல பேரைக் கேட்டு மிரள்றதை நிறுத்துவோம்.

பிஸ்ட்ரோன்னா என்னங்க? பாரிஸ்ல தெருமுனையில இருக்கிற சின்னச் சாப்பாட்டுக் கடை. புருஷன் சமைப்பார், பொண்டாட்டி கல்லாவுல இருப்பாங்க. இன்னிக்கு என்ன இருக்குன்னு ஒரு கரும்பலகையில சாக்பீஸால எழுதி வெச்சிருப்பாங்க. நம்ம பாஷையில சொன்னா மெஸ். அம்புட்டுதான். 1814-ல பாரிஸுக்குள்ள வந்த ரஷ்யச் சிப்பாய்ங்க "சீக்கிரம், சீக்கிரம்"னு அவங்க பாஷையில கத்தினதுல இருந்து இந்தப் பேர் வந்துச்சுன்னு ஒரு கதை உண்டு. மொழி ஆராய்ச்சிக்காரங்க இதை ஒத்துக்கறதில்ல. அந்த வார்த்தை அச்சுல தென்படறதே 1880-கள்லதான். கதை பொய்யா இருந்தாலும் ருசியா இருக்கு: ஆற அமர சாப்பிடறதுக்குப் பேர் போன இடத்தோட பேருக்கே அர்த்தம் "சீக்கிரம்"!

குரோசானும் அப்படித்தான். அதோட பூர்வீகம் வியன்னா. ஆகஸ்ட் ஜாங்னு ஒரு ஆஸ்திரியாக்காரர் 1830-கள் கடைசியில பாரிஸ்ல வியன்னா பாணி ரொட்டிக்கடை ஒண்ணு தொறந்தார். அந்த வகைப் பண்டங்களுக்கு பிரெஞ்சுல இன்னிக்கும் வியன்னா பேர்தான். வெளியூர்ப் பண்டத்தை வாங்கி, வெண்ணெயை மடிச்சு மடிச்சு அடுக்கித் தங்களோடதா ஆக்கிக்கிட்டாங்க. யாரும் அவங்களை அடிமைப்புத்தின்னு திட்டல. அதனால, முதல் கோஷ்டி அண்ணாச்சிங்களே, வாயில போறதை வெச்சு ஒருத்தனோட தன்மானத்தை அளக்காதீங்க.

இப்போ முக்கியமான வார்த்தைக்கு வருவோம். டீயும் கேக்கும் கொடுக்கிற கடையை பிரெஞ்சுல "டீ சலோன்"ங்கிற அர்த்தத்துலதான் சொல்றாங்க. சலோன்னா நாலு பேரை உட்கார வெச்சுப் பேசுற கூடம். அந்த வார்த்தை இங்கிலீஷ்ல சலூன் ஆகி, நம்ம ஊருக்கு வந்து முடிவெட்டுற கடையாச்சு. சிரிக்காதீங்க. தமிழ்நாட்டுல நாலு பேர் உட்கார்ந்து பேசின கூடம் எது? டீக்கடையும் சலூனும்தானே! வார்த்தை ஒண்ணும் வழி தவறிப் போயிடல.

அண்ணா பிறந்த ஊரு இது. "திராவிட நாடு" வாரப் பத்திரிகையை 1942-ல அவர் ஆரம்பிச்சது இங்கேருந்துதான். அந்த மாதிரிப் பத்திரிகைகளை வீட்டுக்கு வாங்கிப் படிக்கிற வசதி எத்தனை பேருக்கு இருந்தது? டீக்கடையில ஒருத்தர் சத்தமாப் படிப்பார், பெஞ்சுல பத்துப் பேர் கேப்பாங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் அரசியல் கத்துக்கிட்டது அப்படித்தான். பாரிஸ்ல 1789 ஜூலை 12-ஆம் தேதி காமில் தெமூலான்ங்கிற இளைஞர் ஒரு காபிக்கடை மேசை மேல ஏறிப் பேசினார். ரெண்டே நாள்ல பாஸ்டில் சிறை விழுந்துச்சு. அங்கே மேசை செஞ்ச வேலையை இங்கே பெஞ்சு செஞ்சுது. ஒரு டீயோட விலைதான் கட்டணம்.

அதுக்கும் முன்னாடி திண்ணை. நெசவாளர் தெருவுல தறி உள்ளே ஓடும், வெளியே திண்ணையில வழிப்போக்கன் உட்கார்ந்திருப்பான். இப்போ பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு ரவுண்டு வந்து பாருங்க. திண்ணை இருந்த இடத்துல பைக் நிக்குது, இல்லேன்னா ஷட்டர் போட்ட கடை நிக்குது. டீக்கடை பெஞ்சும் காணோம். நின்னுக்கிட்டே குடிக்கணும், பேப்பர் கப்பைத் தூக்கி டப்பாவுல போடணும், கிளம்பணும். கையேந்தி பவன்ல தட்டையும் ஏந்தி, டீக்கடையில கப்பையும் ஏந்தி, கடைசியில உட்கார்ற பழக்கமே போச்சு. பெஞ்சு மிச்சம் இருக்கிற கடையிலயும் "இங்கு அரசியல் பேசாதீர்கள்"னு ஒரு போர்டு. பேசக் கூடாதுன்னா எதுக்கய்யா பெஞ்சு?

இதுல ஒரு வயித்தெரிச்சல் என்னன்னா, இது உட்கார்ந்தே வாழ்ற ஊரு. நெசவாளி நாள் முழுக்க தறிக்குழியில காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கார். பட்டுக்கடைக்குள்ள போனா மெத்தை விரிச்சு உட்கார வெச்சு, கலர் குடிச்சுக்கிட்டே பாருங்கன்னு நூறு புடவை விரிச்சுக் காட்டுறாங்க. வேலைக்கு உட்காரலாம், காசு செலவு பண்ண உட்காரலாம். சும்மா உட்கார மட்டும் இடம் இல்ல. 2019-ல அத்திவரதர் 48 நாள் தரிசனம் கொடுத்தப்போ லட்சக்கணக்குல ஜனம் வந்தது. வயசானவங்க நடைபாதை ஓரத்துல துண்டை விரிச்சு உட்கார்ந்ததை ஊரே பார்த்துச்சு. அடுத்த அத்திவரதர் 2059-ல. அதுக்குள்ளயாவது நாலு பெஞ்சு போடுவோமா?

நிற்க. இது வெறும் கொசுவத்தி சுத்துற பதிவுன்னு முடிவு பண்ணிடாதீங்க. அந்தப் பெஞ்சு ஒண்ணும் பொற்காலம் இல்ல. எத்தனையோ ஊர்ல தலித்துகளுக்குத் தனிக் குவளை, பெஞ்சுல இடமே கிடையாது. ஓட்டல்ல யார் யாரோட உட்காரலாம்ங்கிறதே பெரிய அரசியலா இருந்த நாடு இது. 1957-ல திருவல்லிக்கேணி முரளி கஃபே வாசல்ல "பிராமணாள்" போர்டை எடுக்கச் சொல்லி பெரியாரோட ஆளுங்க மாசக்கணக்கா மறியல் பண்ணி ஜெயிலுக்குப் போனாங்க. திண்ணையிலயும் சாதி பார்த்துதான் உட்கார விட்டாங்க. இதையெல்லாம் மறைச்சுட்டு "அந்தக் காலத்துல..."ன்னு ஆரம்பிக்கிறவங்களோட எனக்கு ஒத்துவராது.

பொம்பளைங்க கதை இன்னும் மோசம். டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து பேப்பர் படிச்ச பொம்பளையை நீங்க பார்த்திருக்கீங்களா?

எங்க சித்தி நாப்பது வருஷமா தார் சுத்துறவங்க. சித்தப்பா இல்லாம ஓட்டல்ல உட்கார்ந்து ஒரு காபி குடிச்சதில்ல. போன வருஷம் குடும்பத்தோட பாண்டிச்சேரி போனப்போ அந்த மாதிரி ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போனோம். குரோசானைப் பிச்சுப் பார்த்துட்டு "இதென்னடா, நம்ம எக் பப்ஸ்ல முட்டையைக் காணோம்"னாங்க. எலுமிச்சை டீயை மட்டும் கையில வெச்சுக்கிட்டு ஒண்ணரை மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்த்தாங்க. கிளம்பறப்போ ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க: "ஏண்டா, எழுந்திரின்னு யாருமே சொல்லலியே?"

அடிமைப்புத்தின்னு எழுதின அண்ணாச்சி, இதுக்கு ஒரு பதில் சொல்லுங்க. அறுபது வயசுல ஒரு பொம்பளைக்கு முதல் தடவையா ஒரு நாற்காலி கிடைச்சிருக்கு. அதுக்கு அவங்க வெள்ளைக்காரன் கட்டின தெருவரைக்கும் போக வேண்டியிருந்தது. அந்தக் கட்டணத்தை நான் கொடுத்தேன், திரும்பவும் கொடுப்பேன். வெக்கப்பட வேண்டியது சித்தியா, காஞ்சிபுரமா?

அதுக்காக எதிர்க்கோஷ்டியையும் விடறதா இல்ல. பாண்டிச்சேரியில அந்த நாற்காலிங்க எங்கே இருக்குன்னு பாருங்க. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, வெள்ளைக்காரங்க இருந்த பக்கம். மேற்கே கறுப்பர் பட்டணம்னு அவங்க பேர் வெச்ச தமிழர் பக்கம். பிரெஞ்சு ஆட்சி 1954-ல கை மாறிடுச்சு, சட்டப்படி 1962-ல முடிஞ்சும் போச்சு. அந்த நாகரிகம் வாய்க்கால் ஓரத்துலயே பிரிச்சு வெச்ச நாகரிகம்தான். சுவருக்கு அடிச்ச மஞ்சள் சாயம் யாரையும் ஆற அமர உட்கார வெக்காது. கடைக்காரர் "எழுந்திரி"ன்னு சொல்லாம இருக்கணும், அதுக்கு அவருக்குக் கட்டுபடியாகணும்.

இங்கேதான் ஓட்டல் முதலாளி பக்க நியாயமும் வருது. எங்க ஊர்ல ஒரு ஓட்டல்ல "சாப்பிட்டபின் அதிக நேரம் அமர வேண்டாம்"னு எழுதியே வெச்சிருக்காங்க. முகூர்த்த நாள்ல நாம சாம்பார் ஊத்திக்கிறப்பவே நாற்காலிக்குப் பின்னால ஒரு குடும்பம் வந்து நின்னுடும். எனக்குக் கோவம் வரும்தான். ஆனா மேசை எத்தனை தடவை நிரம்புதுங்கிறதுதான் அவங்க வருமானம். பதினஞ்சு ரூபா காபியை வெச்சுக்கிட்டு ஒருத்தன் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தா அவர் வாடகையை யார் கட்டுவா?

பாரிஸ் காபிக்கடைக்காரன் இதை நேர்மையா தீர்த்திருக்கான். அதே காபி, கவுன்ட்டர்ல நின்னு குடிச்சா ஒரு விலை, உட்கார்ந்து குடிச்சா கூட. வெளியே தெருவைப் பார்த்த மேசைன்னா பல கடைகள்ல இன்னும் கூட. காபி ஒண்ணுதான், வித்தியாசம் முழுக்க நாற்காலிக்கு. நாமளும் ஏ.சி. ஹாலுக்குத் தனி ரேட் போடறோமே, அதே கணக்குதான். அங்கே அதை மறைக்கறதில்ல, விலைப்பட்டியல்லயே எழுதி வெக்கிறாங்க.

அப்போ காஞ்சிபுரத்துல என்ன செய்யலாம்? திட்டிட்டு மட்டும் போனா நானும் கோஷ்டி ஆளாயிடுவேன். அதனால ரெண்டு யோசனை.

ஒண்ணு, ஓட்டல்காரங்களுக்கு. மூணு மணியில இருந்து ஆறு மணி வரைக்கும் உங்க ஹால் பாதி காலிதான். அந்த மூணு மணி நேரத்துக்கு "உட்கார்ந்தா இவ்வளவு"ன்னு பத்து ரூபா கூடவே போட்டு எழுதி வையுங்க, யாரையும் எழுப்பாதீங்க. பண்டம் வெளியே தேட வேண்டாம். வரதராஜர் கோயில் இட்லி இருக்கே! மூங்கில் குடலையில மந்தார இலை வெச்சு, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் போட்டு மணிக்கணக்கா ஆவியில வேகுது. கேக் மாதிரி துண்டு போட்டு வெக்கலாம், ஆறினாலும் ருசி போகாது. டீ சலோனுக்குன்னே அளவெடுத்து செஞ்ச பண்டத்தை வெச்சுக்கிட்டு, அதை ரெண்டு வாய்ல முழுங்கிட்டு ஓடச் சொல்றோம்.

ரெண்டு, பட்டுக் கூட்டுறவு சங்கங்களுக்கு. காபி வாரியம் தன்னோட காபி ஹவுஸ்களை 1950-கள்ல மூட ஆரம்பிச்சப்போ, வேலை போன தொழிலாளிங்க ஏ.கே. கோபாலன் வழிகாட்டுதல்ல 1957, 58-ல கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சு அவங்களே நடத்தினாங்க. அதான் இந்தியன் காபி ஹவுஸ். கம்மி விலை, எவ்வளவு நேரம் வேணா பேச்சு. 2001-ல வந்த "லைஃப் ஆஃப் பை" நாவலோட முன்னுரையில ஆசிரியருக்குக் கதை கிடைக்கிற இடம் பாண்டிச்சேரிதான். ஆனா பிஸ்ட்ரோ இல்லீங்க, நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸ்! அறிஞர் அண்ணா, திருவள்ளுவர், காமாட்சி அம்மன்னு பேர் வெச்சு எங்க ஊர்ல நெசவாளர் சங்கங்கள் இருக்கு. புடவை விக்கிற கட்டடத்துல ஒரு மூலையில இருபது நாற்காலி போட்டு ஒரு காபிக்கூடம் நடத்தினா என்ன? தார் சுத்துறவங்களும் புடவை வாங்க வந்தவங்களும் ஒரே ஹால்ல உட்காரட்டும். அண்ணா பேர்ல சங்கம் இருக்கு, அண்ணா உட்கார்ந்து பேசின மாதிரி ஒரு இடம் இல்லேன்னா எப்படி?

குரோசானை விட்டுடுங்க. அது பாவம், வெறும் மாவும் வெண்ணெயும். காஞ்சிபுரத்துல ஒரு பொம்பளை தனியாப் போய், ஒரு காபி சொல்லிட்டு, ஒரு மணி நேரம் நிம்மதியா உட்கார்ற மாதிரி ஒரு இடம் சொல்லுங்க. கோயில் மண்டபத்தைச் சொல்லாதீங்க, அங்கே காபி கிடையாது. தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல எழுதுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை சித்தியைக் கூட்டிட்டு முதல் ஆளா நான் அங்கே இருப்பேன்.

டிஸ்கி 1: ஓட்டல் முதலாளிகள் யாரும் ஆட்டோ அனுப்ப வேண்டாம். அனுப்பினா பின்சீட்டுல உட்கார்ந்து ரெண்டு மணி நேரம் இறங்க மாட்டேன்.

டிஸ்கி 2: இந்தப் பதிவுல உள்குத்து எதுவும் இல்ல. எல்லாமே வெளிக்குத்துதான் :-)