திரைப்பேயும் வீட்டு மௌனமும்

அச்சம் என்னும் மெய்ப்பாடு நான்கு களன்களிலிருந்து பிறக்கும் என வகுத்தார் தொல்காப்பியர். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. அணங்கு என்பது பேயும் பூதமும் போலக் கண்ணுக்குப் புலனாகாது நின்று வருத்துவது. இறை என்பது அரசனைக் குறிக்கும். நம்மை ஆளும் உரிமையுடைய எவரையும் குறிப்பதாகக் கொள்ளவும் அச்சொல் இடந்தரும். இப்பகுப்பை மனத்திற்கொண்டு திரையரங்கச் சுவரொட்டிகளை நோக்கின் ஓர் உண்மை விளங்கும். பேய்ப்படம், கொடுவிலங்குப் படம், கொலை கொள்ளைப் படம் என முதல் மூன்று களன்களையும் திரைத்தொழில் தனதாக்கிக் கொண்டுவிட்டது. நான்காவதைத் திரை தருவதில்லை. அதனை வீடு தருகிறது. சிறுவர்கள் தமக்கொவ்வாத படங்களைக் கண்டு அஞ்சுவது பற்றி எழுதுவோர் பெரும்பாலும் முதல் மூன்றோடு நின்றுவிடுகின்றனர். நான்காவதே பெரிது என்பது எம் கருத்து.

சட்டம் இது குறித்து வாளாவிருந்ததில்லை. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் யாவரும் காணத்தக்கது, வயது வந்தோர் மட்டுமே காணத்தக்கது என இருவகைச் சான்றிதழ்களை வகுத்தது. இவ்வாறு பிரிப்பது முறையா என்னும் வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. வழக்குத் தொடுத்தவர் எழுத்தாளரும் இயக்குநருமான குவாஜா அகமது அப்பாஸ். நான்கு மாநகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் அருகருகே காட்டிய அவரது குறும்படத்திற்கு வயது வந்தோர்க்கான சான்றிதழே கிடைத்தமை அவரை நீதிமன்றப் படியேறச் செய்தது. 1970இல் தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி முகமது இதாயத்துல்லா. பிற கலைகளினும் திரைப்படம் உணர்ச்சியை ஆழமாகக் கிளறுவது, அதிலும் சிறுவர் மனத்தில் அதன் தாக்கம் மிகப் பெரிது, ஆகவே வயதறிந்து பிரித்தல் தகும் என்பது அத்தீர்ப்பின் சாரம். கலைஞன் பக்கம் ஒரு நியாயமும் குழந்தை பக்கம் ஒரு நியாயமும் எதிரெதிர் நின்ற அவ்வழக்கு, சட்டம் பயிலாதாரும் அறிந்துகொள்ளத் தக்கது.

பின்னர் 1983 முதல், பன்னிரண்டு வயதிற்குட்பட்டோர் பெற்றோர் வழிகாட்டலுடன் காணத்தக்கவை என ஓர் இடைவகை சேர்ந்தது. 2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அவ்விடைவகையை 7, 13, 16 என்னும் வயதுகளைக் கொண்டு மூன்றாகப் பகுத்தது. ஆயின் இம்மூன்று எண்களும் வாயிற்காவலன் கையில் இல்லை. பெற்றோர் எண்ணிப் பார்ப்பதற்காகவே அவை தரப்படுகின்றன. இரவுக்காட்சிக்குக் கைக்குழந்தையுடன் வந்து, திரையில் குருதி பாயும் நேரத்தில் முந்தானையால் அதன் கண்ணை மூடும் தாய்மாரை நாம் கண்டதில்லையா? காதை மூடும் வழி அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அச்சப்படத்தின் பாதி உயிர் ஒலியில்தான் இருக்கிறது என்பதைப் படமெடுப்போர் நன்கறிவர்.

சான்றிதழ் வழங்குவோர் அளக்கும் கோலும் குழந்தை அளக்கும் கோலும் வேறு வேறு. முன்னவர் ஆபாசத்தையும் குருதியையும் எண்ணிக் கணக்கிடுகின்றனர். குழந்தையோ வேறொன்றைக் கண்டு நடுங்குகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1978 முதல் 1982 வரை ஒளிபரப்பான 'இன்கிரெடிபிள் ஹல்க்' தொடரில் சாதுவான மருத்துவர் ஒருவர் சினமுற்றால் பச்சை நிறப் பூதவுருவாய் மாறுவார். அப்பூதம் நல்லோரைக் காப்பது, கதைப்படி அஞ்சுதற்குரியதன்று. ஆயினும் பள்ளி செல்லாத மழலையர் அவ்வுருமாற்றத்தைக் கண்டே மிகவும் அஞ்சினர் என்பதைச் சிறார் அச்சம் பற்றிப் பல்லாண்டு ஆய்ந்த ஜோன் கேன்டர் முதலியோர் கண்டறிந்தனர். நம் நாட்டுச் சான்றுக்கு 'சந்திரமுகி' (2005) போதும். குடும்பம் குடும்பமாகச் சென்று கண்ட படம் அது. அதில் பெருங்குருதி ஏதுமில்லை. ஆனால் அதுவரை அன்பாய்ச் சிரித்துப் பேசிய கங்கா, கண் விரித்து வேறொருத்தியாய் நிற்கும் இடத்தில் தாயின் மடியில் முகம் புதைத்த குழந்தைகள் எத்தனையோ! அறிந்த முகம் அறியாத முகமாவதைக் காட்டிலும் கொடிய காட்சி மூன்று வயதினர்க்கு வேறில்லை. அவர்கட்கு உலகம் என்பதே அறிந்த நான்கைந்து முகங்கள்தாம்.

வயது ஏற ஏற அச்சத்தின் நிறம் மாறுகிறது. 1983 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி 'தி டே ஆஃப்டர்' என்னும் அணுப்போர்ப் படத்தை ஒளிபரப்பியது. மழலையர் அஞ்சி நடுங்குவர் எனப் பலரும் எதிர்பார்த்தனர். மறுநாள் கேன்டர் குழுவினர் வினவியபோது மழலையரே மிகக் குறைவாகக் கலங்கியிருந்தனர். வளர்ந்த பிள்ளைகள் அவர்களினும் மிகுதியாகக் கலங்கினர். பெற்றோர் கலக்கமே பெரிதாயிருந்தது. கோரைப்பல் கண்டு அஞ்சும் பருவம் ஒன்று; நடக்கக்கூடியது எது என்றறிந்து அஞ்சும் பருவம் மற்றொன்று. எந்த எண்ணை முத்திரையிட்டாலும் இவ்விரண்டிற்கும் அது ஒருங்கே பொருந்தாது.

அச்சக் கதைகள் திரைக்கு முன்னும் இருந்தனவே எனச் சிலர் கேட்பர். இருந்தன. புளியமரத்துப் பேயையும் கொள்ளிவாய்ப் பிசாசையும் நம் நன்னிமார்களைக் காட்டிலும் நன்கறிந்தவர் யார்? ஆனால் கதை கூறும் நன்னியின் கண் பேரனின் முகத்தின் மீது இருந்தது. அவன் விரல் சேலையை இறுகப் பற்றியதும் பேய் தடுக்கி விழும். அல்லது அது பேயே அன்று, பக்கத்து வீட்டு வெள்ளாடு என்றாகிவிடும். திரைக்கு அக்கண் இல்லை. 1997-98இல் சன் தொலைக்காட்சியில் வந்த 'விடாது கருப்பு' தொடரின் குதிரைக் குளம்பொலி, எந்த வீட்டில் எந்தக் குழந்தை போர்வைக்குள் விழித்திருக்கிறது என்று பாராமலே ஒலித்தது. இந்திரா சௌந்தர்ராஜனும் நாகாவும் தத்தம் கலையைச் செவ்வனே செய்தனர், அதில் குறையில்லை. முகம் பார்க்கும் வேலை எஞ்சி நின்றது. அதனை வீட்டில் எவரும் ஏற்கவில்லை.

இனி நான்காம் களனுக்கு வருவோம். நம் சமுதாயத்தில் திரைப்படம் காண்பதைத் தடுத்த இல்லங்கள் பல, இன்றும் உள்ளன. அத்தடையின் மார்க்க நியாயத்தை இங்கு வாதிட யாம் முன்வரவில்லை. அது குழந்தையின் அச்சத்தை என்ன செய்கிறது என்பதே எம் வினா. எண்பதுகளில் கடற்கரை ஊர்களுக்கு வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த சபராளிகளின் பெட்டிகளில் வி.சி.ஆர். கருவிகள் வந்திறங்கின. கொட்டகைப் பக்கம் தலைகாட்டக் கூடாதென்ற தெருவில், ஏதேனும் ஒரு வீட்டு மாடியில் இரவெல்லாம் படம் ஓடியது. 'டெக்' வாடகைக்கு எடுத்தால் விடிவதற்குள் மூன்று படங்களேனும் பார்த்தாக வேண்டுமென்பது அன்றைய கணக்கு! மூன்றாவது படம் எத்தகையது, எவர்க்குரியது என்று வினவுவார் அங்கில்லை. அறையின் மூலையில் ஏழு வயதுப் பையன் உறங்குவதாக எல்லோரும் எண்ணினர். அவன் உறங்கவில்லை.

கொட்டகையில் தந்தையோடு அமர்ந்து அஞ்சிய பிள்ளை அன்றிரவு தந்தையின் கையைப் பற்றிக்கொள்ளலாம். களவாய்க் கண்ட பிள்ளைக்கு அது இயலாது. கிணற்றடிக்குப் போக ஏன் அஞ்சுகிறாய் என உம்மா கேட்டால், கண்டதைச் சொல்ல வேண்டிவரும். சொன்னால் வாப்பாவின் சினத்திற்கு ஆளாக வேண்டிவரும். பேய்க்கும் வாப்பாவுக்கும் நடுவே நின்று அவன் மௌனத்தைத் தேர்கிறான். சொல்லப்படாத அச்சம் இராத்தோறும் அகத்தே வளர்கிறது. அமெரிக்காவின் இரு பல்கலைக்கழகங்களில் மாணவர்களை வினவி 1999இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பத்தில் ஒன்பது பேர் இளமையில் தம்மை அச்சுறுத்திய படத்தையோ தொலைக்காட்சி நிகழ்ச்சியையோ நினைவுகூர்ந்தனர். நால்வரில் ஒருவர்க்கு அதன் எச்சம் அன்றும் நீங்கவில்லை. களவாய்க் கண்டதன் சுமையையும் சேர்த்து நம்மவரை வினவினால் விடை இன்னும் கனத்திருக்கும் என்றே எண்ணத் தோன்றுகிறது. இன்று மாடியறை வேண்டியதில்லை. போர்வைக்குள் ஒளிரும் கைப்பேசியே கொட்டகை. காண்பவனும் காவலனும் ஒரே பிள்ளை.

இவ்விடத்தில் நம் முன்னோர் கைமருந்தொன்றைப் பற்றிக் கூறாதிருக்க முடியவில்லை. பயந்த குழந்தையை மடியிலிருத்தி, ஆயத்துல் குர்ஸி ஓதி, முகத்தில் ஊதி, ஓதிய நீரை ஒரு மிடறு பருகத் தருவர். படித்தவர் சிலர் இதனை எள்ளுவதுண்டு. மழலையர்க்கு "அது பொய், வெறும் படம்" என்னும் விளக்கம் பயன்படுவது அரிது, அணைத்துக்கொள்வதும் அருந்தக் கொடுப்பதும் அருகிருப்பதுமே அச்சத்தைத் தணிக்கும் என்பதே கேன்டரின் முடிவும். ஓதுவதன் பயன் நம்பிக்கையின்பாற்பட்டது. அதனை ஆய்வுக்கூடத்தில் நிறுத்திச் சான்று தேடுதல் நமக்கு வேண்டாதது. அம்மடியின் பயனைப் பற்றி மட்டுமே யாம் பேசுகிறோம். அது கேள்வி கேட்காத மடி. பயந்தது எதைக் கண்டு என்று விசாரித்துவிட்டு ஓதத் தொடங்கிய நன்னியை எவரும் கண்டதில்லை.

சற்றே வளர்ந்த பிள்ளைக்கு விளக்கம் பயன்படும். 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' (1939) படத்தில் சூனியக்காரியாய் வந்து பல தலைமுறைக் குழந்தைகளை நடுங்க வைத்த மார்கரெட் ஹாமில்டன், 1975இல் ஃபிரெட் ரோஜர்ஸ் நடத்திய குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குத் தம் இயல்பான தோற்றத்தோடு வந்தார். அந்த உடையையும் தொப்பியையும் குழந்தைகள் பார்த்திருக்க ஒவ்வொன்றாய் அணிந்து காட்டினார். அச்சுறுத்தியவரே வந்து அச்சம் தீர்த்த அரிய நிகழ்ச்சி அது.

நம் பிள்ளைகளுக்கோ மற்றொரு சிக்கல் உண்டு. பேய் என ஒன்றில்லை என்று கூறி முடிக்க நம்மால் இயலாது. ஜின் என்னும் படைப்பு உண்டென்பதைத் திருமறை கூறுகிறது. அப்பெயரால் ஓர் அத்தியாயமே இருக்கிறது. காலையில் மக்தபில் அதனைக் கேட்டு, இரவில் படத்தைக் கண்ட எட்டு வயதுப் பிள்ளையின் உள்ளத்தில் எழும் வினா எளிதன்று. "ஹஜ்ரத், படத்தில் வந்ததே, அதுதான் ஜின்னா?" ஆழ்ந்த வினா அது; படைத்தவனின் படைப்பையும் படமெடுப்போன் கற்பனையையும் பிரித்தறிய விழையும் அறிவின் வினா. பெரும்பாலும் அதற்குக் கிடைக்கும் மறுமொழி, "எந்தப் படத்தில்? எங்கே போய்ப் பார்த்தாய்?" என்பதே. பிள்ளை வாய் மூடிக்கொள்கிறான். அடுத்த வினா வருவதேயில்லை.

இப்படிக் கேட்டுவிட்டு விசாரிக்காதிருந்தால் பார்த்ததை ஒப்புக்கொண்டதாகாதா எனப் பெரியோர் சிலர் கருதலாம். அவர்தம் கவலை நியாயமானதே. தடையைத் தளர்த்துமாறு யாம் கோரவில்லை. வரிசையை மாற்றுமாறு மட்டுமே கேட்கிறோம். தரையில் சக்கரம்போல் சுழலும் விசிறிக் காற்றில் ஓத உட்கார்ந்திருக்கும் அப்பிள்ளைக்கு முதலில் வேண்டுவது ஜின்னைப் பற்றிய விடை. நாற்றமில்லாப் பொறுமையோடு ஒரு நாழிகை அதற்குச் செலவிடலாம். எங்கே பார்த்தாய் என்னும் விசாரணை மறுநாள் சுபுஹுக்குப் பிறகும் நடைபெறலாம்.