பிளேடைக் கீழே போடுங்கள்!

நாய்க்கு மரு வந்தால் நாம் யாரிடம் போகிறோம்? முதலில் மாடி வீட்டு மாமா. அடுத்து, நாய்க்கு பெல்ட் விற்கிற கடைக்காரர். மூன்றாவது வாட்ஸ்அப். டாக்டர் நாலாவதாக நிற்கிறார். பல வீடுகளில் அவருக்கு வரிசையிலேயே இடம் கிடையாது.

இந்த இலவச ஆலோசகர்கள் என்ன சொல்கிறார்கள்? ‘நூலை இறுக்கிக் கட்டுங்க, தானா விழுந்துடும்.’ ‘சுண்ணாம்பு வைங்க.’ ‘பிளேடால லேசா சீவி விடுங்க சார், ஒண்ணும் ஆகாது.’ உங்கள் கண்ணிமையில் மரு இருந்தால் இதில் எதையாவது செய்ய விடுவீர்களா? வாயில்லா ஜீவன் என்றால் மட்டும் துணிச்சல் வந்துவிடுகிறது.

நூல் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று சதை அழுகும், சீழ் பிடிக்கும். சுண்ணாம்பு தோலைப் பொசுக்கும். மனிதர்களுக்கான மரு மருந்தைத் தடவினால், நாய் அதை நக்கி வயிற்றுக்குள் அனுப்பும். பிளேடு வைத்தால் ரத்தம் கொட்டும். எல்லாவற்றையும்விட மோசம், அறுத்து எறிந்த சதையோடு அது என்ன என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் குப்பைத் தொட்டிக்குப் போகிறது.

முதலில், அது மருதானா? உண்ணி என்று நினைத்து மருவைப் பிய்ப்பவர்கள் உண்டு. ஆண் நாய்க்கும் மார்க்காம்பு உண்டு என்பது தெரியாமல் அதைப் பிடித்து இழுப்பவர்களும் உண்டு!

நிஜமான மரு மெத்தென்று, பெரும்பாலும் தோலின் நிறத்திலேயே, சின்னக் காம்பில் தொங்கும். வயதான நாய்களுக்கு அதிகம் வரும். அதனால் ஆபத்தில்லை, விட்டுவிடலாம். கழுத்துப் பட்டையில் உரசினாலோ, கண்ணைக் குத்தினாலோ, ரத்தம் கசிந்தாலோ டாக்டர் எடுத்துவிடுவார். குட்டியின் வாயில் காலிஃபிளவர் போல வருவது வைரஸ் மரு. பெரும்பாலும் சில மாதங்களில் தானே உதிரும். நமக்குத் தொற்றாது.

அப்புறம் எதற்கு இத்தனை கூச்சல் என்கிறீர்களா?

நாய்களுக்கு வரும் தோல் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது மாஸ்ட் செல் கட்டி. இது மரு மாதிரியும் இருக்கும், பூச்சிக்கடி மாதிரியும் இருக்கும். ஒரு நாள் வீங்கும், மறுநாள் வற்றும். நம் ஊரில் வீட்டுக்கு வீடு வளர்க்கும் லாப்ரடாருக்கும் பக்குக்கும் இது வரும் வாய்ப்பு கூடுதல். அனுபவமுள்ள டாக்டராலும் கண்ணால் பார்த்து மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மெல்லிய ஊசியால் கொஞ்சம் செல்களை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனை இருக்கிறது. சில நிமிட வேலை. பெரும்பாலும் மயக்க மருந்துகூட வேண்டாம். அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் சூ எட்டிங்கர் எளிய விதி ஒன்றை வைத்திருக்கிறார். கட்டி ஒரு சென்டிமீட்டர் அளவில் ஒரு மாதமாக இருந்தால் ஊசி போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

இங்கே சில டாக்டர்களையும் கேட்க வேண்டியிருக்கிறது. விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, ‘ஒண்ணுமில்ல, பாத்துக்கலாம்’ என்று அனுப்புவது என்ன வைத்தியம்? வெட்டி எடுத்ததை லேபுக்கு அனுப்பாமல் எறிவது என்ன நியாயம்? வாய்விட்டுக் கேளுங்கள். ‘ஊசி சோதனை செய்யலாமா? எடுத்த சதையை பயாப்ஸிக்கு அனுப்புவீர்களா?’ ஃபீஸ் கொடுப்பவருக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு.

கடைக்காரரின் பிளேடுக்குச் சட்டமும் இருக்கிறது. 1984-ம் வருடத்து இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவர்தான் கால்நடை வைத்தியம் பார்க்கலாம். தேவையில்லாமல் விலங்கை வதைப்பது 1960-ம் வருடத்துச் சட்டப்படி குற்றம். வதைப்பவர் சொந்தக்காரராக இருந்தாலும்தான்.

காமர்ஸ் படித்தவன் கணக்கில் சொல்கிறேன். சின்னக் கட்டிக்குச் சின்ன வெட்டு, சின்ன பில். தள்ளிப்போட்டால் வட்டியோடு வரும், வட்டியை நாயும் சேர்ந்து கட்டும். ஆயிரக்கணக்கில் கொடுத்து நாய் வாங்குகிறவர் ஊசிக்கு யோசிப்பது சிக்கனம் இல்லை, கஞ்சத்தனம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நாயைக் குளிப்பாட்டும்போது உடம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள். ஏதாவது தட்டுப்பட்டால் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் போட்டோ எடுங்கள். தேதியை எழுதுங்கள். அந்தப் போட்டோவை மாடி வீட்டு மாமாவிடம் காட்டாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.