இல்லாதவனிடம் எடுக்கும் வரி

ஓர் அரசின் நெஞ்சத்தை அறிய வேண்டுமாயின், அதன் தலைவர்கள் மேடையில் முழங்குவதைக் கேட்க வேண்டியதில்லை. அது யாரிடம் வரி வாங்குகிறது, யாருக்கு வரியை விட்டுக்கொடுக்கிறது என்று பார்த்தாலே போதும்.

"வருமான வரி கட்டுவோர் நாட்டில் ஒரு சிலரே, மற்றவர்களெல்லாம் அவர்கள் தோளில் ஏறிச் சவாரி செய்கிறார்கள்" என்று படித்தவர்களே பேசக் கேட்கிறோம். எவ்வளவு பெரிய அபாண்டம் இது! மேலப்பாளையத்தில் பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு தாய் வருமான வரி கட்டுவதில்லை, உண்மைதான். ஆனால், அவள் வாங்கும் செருப்பில் வரி உண்டு. அவள் வீட்டுக்குக் காய்கறி ஏற்றிவரும் லாரியின் டீசலில் வரி உண்டு. உறையிட்டு முத்திரை குத்திய அரிசிப் பைக்கும் 2022 ஜூலையில் 5 விழுக்காடு வரி வந்து சேர்ந்தது. கோடீசுவரன் வாங்கினாலும் அவள் வாங்கினாலும் வரி விகிதம் ஒன்றே. வருமானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எவர் தலையில் சுமை கனக்கிறது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

யமன் நாட்டுக்கு முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களை அனுப்பிவைத்தபோது, அங்குள்ள செல்வர்களிடம் ஜகாத்தைப் பெற்று, அங்குள்ள ஏழைகளுக்கே வழங்க வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். நிஸாப் என்னும் அளவை எட்டாதவர்மீது ஜகாத் கடமையே ஆகாது. எட்டியவரும் அச்செல்வம் ஓராண்டு தம்மிடம் தங்கிய பின்னரே அதில் நாற்பதில் ஒரு பங்கை எடுத்துவைக்கிறார். மதச்சார்பற்ற நம் அரசு ஜகாத் வசூலிக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. உள்ளவனிடம் எடு, இல்லாதவனிடம் கொடு என்னும் அறம் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவானதன்றோ?

அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு ஒன்றிய அரசின் செயல்களை அளந்து பார்ப்போம். 2015 வரவு-செலவுத் திட்டத்தில் செல்வ வரி ஒழிக்கப்பட்டது. வசூல் சொற்பம், செலவு அதிகம் என்று காரணம் கூறினார்கள். ஓட்டை விழுந்த குடத்தை அடைக்க வேண்டியவர்கள் கிணற்றையே தூர்த்துவிட்டார்கள்! அதற்கு ஈடாகப் பெருஞ்செல்வர்களின் வருமான வரிமீது கூடுதல் தீர்வை விதித்தோம் என்றார்கள். 5 கோடிக்கு மேல் வருமானம் உள்ளோர்க்கு 37 விழுக்காடாக உயர்ந்திருந்த அத்தீர்வையும் 2023 இல் புதிய வரிமுறையின் கீழ் 25 ஆகக் குறைந்தது. 2019 செப்டம்பரில் நிறுவன வரியின் அடிப்படை விகிதம் 30 இலிருந்து 22 விழுக்காடாக இறங்கியது. அதனால் கைவிட்டுப் போகும் தொகை ஆண்டுக்கு 1.45 இலட்சம் கோடி ரூபாய் என்று அரசே கணக்குச் சொன்னது.

விட்டுக்கொடுத்ததை எங்கே ஈடுகட்டினார்கள்? 2014 மே மாதத்தில் பெட்ரோல் லிட்டருக்கு ஒன்றிய கலால் தீர்வை 9.48 ரூபாய். 2020 மே மாதத்தில் அது 32.98 ரூபாய்! கொள்ளைநோயால் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்து கிடந்த நேரம் அது. அந்தச் சரிவின் பயன் மக்களுக்குப் போய்ச் சேராதவாறு இடையில் நின்று பறித்துக்கொண்டார்கள். அதிலும் மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படைத் தீர்வை 2.98 ரூபாய் மட்டுமே. எஞ்சிய முப்பது ரூபாயும் மேல்வரி, சிறப்புக் கூடுதல் தீர்வை என்னும் பெயர்களில் தில்லிக்கே உரியதாயிற்று. பின்னர் 2021 இலும் 2022 இலும் தீர்வையைக் குறைத்துவிட்டு அதனைப் பெருங்கொடையாகப் பறைசாற்றினார்கள்.

தில்லியைச் சாடும் நம் மாநிலக் கட்சிகளோ? 1983 இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003 இல் அ.தி.மு.க. ஆட்சியில் சில்லறை மது விற்பனையையும் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. அடுத்து வந்த தி.மு.க. ஆட்சி அதனை மாற்றவில்லை. 2016 தேர்தலில் இரு கட்சிகளும் மதுவிலக்கைப் பேசின. ஒன்று படிப்படியாக என்றது, மற்றொன்று முழுமையாக என்றது. 2023-24 ஆம் ஆண்டில் மதுவால் அரசுக்குக் கிட்டிய வருவாய் 45,855 கோடி ரூபாய்! கூலிக்காரன் குடும்பத்தின் உலைநீரை உறிஞ்சி, அதிலிருந்து ஒரு குவளையை அவன் மனைவிக்கு உதவித்தொகையாக நீட்டுவதற்கு நலத்திட்டம் என்று பெயர் சூட்டலாமா? உதவித்தொகை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது அவள் உரிமை. அவள் கணவனின் குடலை அரித்துத்தான் அதனைத் தர வேண்டுமா என்பதே நம் கேள்வி.

இவற்றையெல்லாம் நாம் தேர்ந்தெடுத்த உறுப்பினர் கேட்கக் கூடாதா? கேட்கலாம், வாக்கை மட்டும் கட்சிக் கொறடாவின் கட்டளைப்படியே அளிக்க வேண்டும். 1985 இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் விலைபோகும் உறுப்பினர்களைத் தடுக்கப் பிறந்தது. கூட்டமாக விலைபோவதை அது தடுக்கவில்லை; மனச்சான்றுபடி தனித்து நிற்பவரின் பதவியைத்தான் பறிக்கிறது. கட்சித் தலைமையோ நன்கொடையாளரின் முகம் பார்க்கிறது. 2018 இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கிய பின்னரே கணக்குகள் வெளிவந்தன. மிகப் பெரும் பங்கு பா.ஜ.க.வுக்குச் சென்றிருந்தது. லாட்டரிச் சீட்டு 2003 முதல் தடைசெய்யப்பட்ட தமிழ்நாட்டில், தி.மு.க. பெற்ற 656.5 கோடியில் 509 கோடி ஒரு லாட்டரி நிறுவனம் தந்தது! கொடியின் நிறம் வேறு. கொடிக்கம்பத்தை நட்ட கை ஒன்றே.

போர்ப்பொருளாகக் கிடைத்த துணியில் ஆளுக்கு ஒரு துண்டு பங்கிடப்பட்டிருக்க, "உங்களுக்கு மட்டும் முழு அங்கி எப்படி வந்தது?" என்று கலீபா உமர் (ரலி) அவர்களை ஒருவர் சபையிலேயே கேட்டதாக வரலாறு கூறுகிறது. தம் மகன் தம்முடைய பங்கைத் தந்ததை மெய்ப்பித்த பின்னரே கலீபா பேச்சைத் தொடர்ந்தார்கள். அன்று ஒரு முழத் துணிக்குக் கணக்குக் கேட்ட சமுதாயத்தின் வழிவந்தோர், இன்று கோடிகளுக்குக் கணக்குக் கேட்க அஞ்சி, தேர்தலுக்குத் தேர்தல் எந்தக் கூட்டணியில் எத்தனை இடம் என்று மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது முறைதானா?

வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவர் எக்கட்சியினராயினும் இரண்டே கேள்விகளைக் கேட்போம். உங்கள் கட்சி யாரிடம் வரி வாங்கும்? உங்கள் கட்சி யாரிடம் பணம் வாங்கியது? இவற்றுக்கு விடை சொல்லாதவர் நம் வீட்டுத் திண்ணையில் அமரவும் தகுதியற்றவர். சட்டமன்றத்தில் அமரத் தகுதி எங்கிருந்து வரும்?