பெயர் கெட்டது, மருந்தும் கெட்டது

பெண்ணின் உடலியற்கை பற்றி ஆயுர்வேதம் சொல்வன அனைத்தும் பொய்யும் அல்ல. அனைத்தும் மெய்யும் அல்ல. சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூல், பூப்பு பன்னிரண்டாம் அகவைக்குப் பின் தொடங்கி ஐம்பதாம் அகவையில் ஓயும் என்று வரையறுத்தது. கூர்ந்து நோக்கியோர் கண்ட உண்மை அது. உண்மையை யார் உரைப்பினும் ஏற்பதே தமிழறம்.

ஆனால், அந்நூலே வேறோரிடத்தில் என்ன சொல்கின்றது? பூப்பின் முதல் மூன்று நாள்களில் பெண் பகலில் உறங்கினால், பின்னர்ப் பிறக்கும் பிள்ளை உறங்கிக்கொண்டே இருக்குமாம்! மை தீட்டினால் குருடாகுமாம்! நகம் களைந்தால் பிள்ளையின் நகம் கெடுமாம்! சிரித்தால் அதன் பல்லும் உதடும் கறுக்குமாம்! இது மருத்துவமா, அச்சுறுத்தலா? சிரிப்புக்கும் கருவுக்கும் என்ன தொடர்பு?

இக்குற்றத்தை வடவர் தலையில் மட்டும் ஏற்றிவிட்டுத் தமிழன் தப்பிவிட முடியாது. பூப்புற்ற மகளிர் முருகன் கோட்டத்துக் கலங்களைத் தொடாது ஒதுங்கி நிற்கும் காட்சி புறநானூற்றின் 299ஆம் பாட்டிலேயே உவமையாக வருகின்றது. பழையது என்பதனாலேயே ஒன்று பெருமைக்குரியதாகிவிடாது.

ஆயினும், தமிழ் ஒரு நற்செயலைச் செய்தது. பெண்ணின் பருவத்துக்குப் பூவின் பெயரைச் சூட்டியது. தொல்காப்பியர் கற்பியலில் ஆண்ட சொல் 'பூப்பு'. அதனைக் கைவிட்டுத் 'தீட்டு' என்றும், வடசொல்லால் 'தூரம்' என்றும் வழங்கத் தலைப்பட்டது தமிழ்க் குமுகாயம். மலரென்றவள் மாசென்று ஆனாள்!

பூப்பு ஓய்வதற்கோ மக்கள் வழக்கில் தக்க பெயரே இல்லை. பெயரற்ற துன்பத்தைப் பெண் யாரிடம், எச்சொல்லால் உரைப்பாள்? திடுமென எழும் உடற்கொதிப்பு, நள்ளிரவு வியர்வை, உறக்கமின்மை, எலும்பு மெலிவு ஆகிய அனைத்தையும் வாய்மூடிப் பொறுக்கின்றாள். 'பூப்போய்வு' என்று நாணமின்றிச் சொல்லட்டும். வீட்டார் செவி கொடுக்கட்டும். பூப்போய்ந்து ஓராண்டு கழிந்த பின்னர் மீண்டும் குருதி தோன்றினால், அது ஒருகால் கருப்பைப் புற்றின் அறிகுறியாகவும் இருக்கலாம். அந்நிலையில் வேண்டுவது அரிட்டப் புட்டியன்று. காலந்தாழ்த்தாத மருத்துவ ஆய்வே.

பெயர் கெட்டால் மருந்து எவ்வாறு கெடும் என்பதற்கு ஒரு சான்று போதும். பெரும்பாட்டுக்கு ஆயுர்வேதர் கொடுப்பது அசோகாரிட்டம். அதன் முதன்மைச் சரக்கு அசோகின் பட்டை. அம்மரத்துக்குப் பிண்டி, செயலை எனத் தமிழில் தனிப்பெயர்கள் உண்டு. செம்மஞ்சளும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூப்பது அது. இன்றோ, பள்ளி வாயில்களிலும் சாலையோரங்களிலும் ஊசிக் கோபுரம்போல் நெடிது நிற்கும் நெட்டிலிங்கத்தைக் காட்டி 'அசோக மரம்' என்கின்றனர் படித்தவரும்! அதன் பூ பசுமை கலந்தது, இனமும் வேறு, குடும்பமும் வேறு. சரக்கு வணிகத்தில் அசோகம்பட்டை என்னும் பெயரில் நெட்டிலிங்கப் பட்டை கலக்கப்படுவதை ஆய்வாளர் பலமுறை எடுத்துக்காட்டியுள்ளனர். பிண்டியோ காடுகளில் அருகிவரும் மரம். அருகியதற்கு விலை ஏறும். விலை ஏறியதில் கலப்படம் நுழையும். பிண்டியென்னும் பெயரையும் மரத்தையும் மறவாதிருந்த ஊரில் இவ்வேமாற்று எளிதில் நடவாது. குருதி பெருகிச் சோகையால் வெளுத்த பெண், பொருளும் கொடுத்துப் பொய்ப்பட்டையும் குடிக்கின்றாள். இழப்பு மொழிக்கு மட்டுமா? உயிருக்குமன்றோ!

'சதாவரி' என்று பொன்னெழுத்தில் அச்சிட்டு விற்கும் பொடி, தமிழன் தோட்டத்துத் தண்ணீர்விட்டான் கிழங்கே. வேலியிற் படர்ந்ததை அறியாதவன் கடையில் அதனை வடமொழிப் பெயருக்கு விலை கொடுத்து வாங்குகின்றான்.

இனிச் செய்யத்தக்கது யாது? பள்ளிதோறும் ஒரு பிண்டியை நட்டு, பெயர்ப்பலகை இடுக! பெண்மக்களுக்குப் பூப்பையும் பூப்போய்வையும் தாய்மொழியில் தெளிவுறக் கற்பிக்க! ஆயுர்வேதமாயினும், சித்தமாயினும், மேலை மருத்துவமாயினும், மெய்ப்பிக்கப்பட்டதைக் கொள்க, அச்சுறுத்துவதைத் தள்ளுக! மூன்று நாள் மூலையில் ஒதுக்கியவளுக்கு மருந்து கொடுப்பது மருத்துவமாகாது. முதலில் மூலை ஒழிக. பின்னர் நோய் ஒழியும்!