மூக்கை மறவாதீர்

கபச் சுரப்பி என்ற பெயரை நம் பள்ளிப் பிள்ளைகள் பாடப்புத்தகத்திற் படித்திருப்பர். மூளையின் அடியில், எலும்பாலான சிறு குழியொன்றில், பட்டாணியளவினதாய் அமர்ந்து, உடலின் ஏனைய சுரப்பிகள் பலவற்றை இயக்குவது அது. மூளையில் ஊறும் கபம் இதன் வழியே மூக்கிற்கு வடிகிறதென்று கேலன் முதலான பண்டை வைத்தியர் எண்ணினர். அதனாலேயே இப்பெயர் வாய்த்தது. அக்கொள்கை பிழையெனப் பின்னர் தெளிந்தது. ஆயினும் மூக்கிற்கும் இச்சுரப்பிக்கும் உள்ள அண்மை மெய்யே.

அந்த அண்மையை வைத்தியர்கள் பயன்படுத்தினர். 1907-ல் ஒஸ்திரிய நாட்டு இன்ஸ்புருக் நகரில் ஹெர்மன் ஷ்லோபர் என்பார் மூக்கின் பக்கமாகச் சென்று இச்சுரப்பியில் வளர்ந்த கட்டியை அகற்றினார். 1990-களில் ‘எண்டோஸ்கோப்’ எனும் விளக்குப் பொருந்திய மெல்லிய குழாய் இவ்வேலைக்கு வந்தது. மண்டையோட்டைத் திறக்க வேண்டுவதில்லை. முகத்தில் வடுவும் இல்லை.

இங்கேதான் வீட்டார் ஏமாறுகின்றனர். வெளியே காயம் தெரியாமையால், நோயாளி முற்றும் குணமடைந்தார் என்று கருதிவிடுகின்றனர். காயமோ மூக்கினுள் இருக்கிறது. முதற் சில வாரங்களில் மூக்கடைப்பு, பொருக்கு, தடித்த சளி, மணம் குன்றுதல் ஆகியன தோன்றும். பெரும்பாலோர்க்கு இவை சில மாதங்களிற் படிப்படியாய்த் தணியும். சிலர்க்கு மணவுணர்வு முழுமையாகத் திரும்பாதிருத்தலும் உண்டு.

மணமின்மை சிறு குறையா? உணவின் சுவையிற் பெரும்பகுதி மணத்தைச் சார்ந்தது. சோறு அடிப்பிடிப்பதும், பால் திரிவதும், அடுப்பின் வாயு கசிவதும் அவர்க்குத் தெரியா. அவர் உணவை வெறுப்பின் கோபியாமல், அவருக்காகப் பிறர் முகர்ந்து பார்த்து உதவுதல் வேண்டும்.

வைத்தியர் அனுமதிக்கும் வரை மூக்கைச் சீந்தலாகாது. தும்மல் வரின் வாயைத் திறந்து தும்முக. முக்குதலும் பாரந் தூக்குதலும் தலையைத் தாழக் குனிதலும் ஆகா. இறக்காமம் போன்ற வயல் சூழ்ந்த ஊர்களில் அறுவடைக் காலத்தில் வட்டைக்குப் போய் நெல் மூட்டை சுமப்பதும், சூடடிக்கும் தூசியில் நிற்பதும் அக்காலத்தில் தவிர்க்கத்தக்கன. புகையும் மூக்குப்பொடியும் வேண்டா. உப்புநீரால் மூக்கைக் கழுவுமாறு வைத்தியர் கூறின், கொதிக்கவைத்து ஆறிய நீரையே கொள்க.

நம் இல்லங்களில் எழும் கேள்வி ஒன்றுண்டு: வுழூவின்போது மூக்கிற்கு நீர் செலுத்துவது எப்படி? தலை தாழ்த்தி ஸுஜூது செய்வது எப்படி? ஷாபிஈ மத்ஹபில் வுழூவில் மூக்கிற்கு நீர் செலுத்துதல் சுன்னத்தாகும்; பர்ளு அன்று. நோயாளி அமர்ந்து சைகையால் தொழவும் மார்க்கம் இடமளிக்கிறது. வைத்தியர் விதித்த கட்டுப்பாட்டை ஊர் ஆலிமிடம் எடுத்துரைத்துத் தெளிவு பெறுதல் நன்று. நீரின் தூய்மையும் கருதத்தக்கது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ‘நெக்லேரியா’ எனும் நுண்ணுயிர், அரிதாயினும், மூக்கின் வழியே மூளையை அடைந்து உயிர் பறிக்கும். கராச்சியில் 2008-க்குப் பின் இந்நோயால் மாண்டோருட் பலர் நீந்தியவரல்லர். வுழூவிற்குக் கொண்ட குழாய்நீரையே ஆய்வாளர் ஐயுற்றனர்.

மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாய் வடிதல், காய்ச்சல், கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு, பார்வை மங்கல், ஓயாத வாந்தி, தணியாத தாகத்துடன் மிகுதியாய்ச் சிறுநீர் கழிதல், நிற்காத இரத்தம் — இவற்றுள் ஒன்று காணினும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க. வடியும் நீரைச் சாதாரணச் சளியென்று எண்ணி நாள் கடத்துவது பேராபத்து. அது மூளையைச் சூழ்ந்த திரவமாய் இருக்கலாம்.

கட்டியை அகற்றுவது வைத்தியர் கடன். அதற்கு வழிவிட்ட மூக்கைப் பேணுவது நோயாளியும் வீட்டாரும் கூடிச் செய்யவேண்டிய வேலை. மறுபரிசோதனை நாளைத் தவறவிடாமையும் அவ்வேலையின் ஒரு பகுதியே.